மைமூன் மாமி வந்தார், சொன்னார்

மைமூன் மாமியை அறிந்தவர்களே, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மா கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

இன்று காலை பக்கத்துச் சந்துப் பெண் ஒருத்தி சாவுச் சேதியோடு வாசலில் நின்று, "மைமூன் மாமி மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுக்கறாங்களாம்" என்றாள். கதவைத் திறந்தது நான்தான். மாமி சின்னம்மாவின் சேதியோடு வந்த அன்றைக்கும் நான்தான் திறந்தேன்.

ராயப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரை, கோஷாவில், வெளியே அதிகம் வராமல் இருக்கும் நம் பெண்களுக்கு மாமிதான் தபால். கல்யாணம், பிள்ளைப்பேறு, மவுத்து, எதுவானாலும் வீடு வீடாக நடந்து போய்ச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு சேதிக்குச் சேலை ஓரத்தில் ஒரு முடிச்சு. சொன்னதும் நம் கண் முன்னாலேயே அதை அவிழ்ப்பார். "இறக்கி வச்சிட்டேன். இனிமே உன் தலைமேல" என்று சிரிப்பார்.

போன வருஷம் ஒருநாள் ஓதும் பள்ளிப் பாடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். நபிமார்களுக்கு உரிய குணங்கள் நான்கு: உண்மை, நம்பி ஒப்படைத்ததைக் காக்கும் அமானிதம், எத்திவைத்தல், நுண்ணறிவு. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாமி, "எத்திவைக்கறதுன்னா இன்னாடி?" என்று கேட்டார்.

"அல்லாஹ் அனுப்பினதைக் கூட்டாம, குறைக்காம, மறைக்காம ஜனங்ககிட்டச் சேர்க்கறது. நீங்களும் தூது கொண்டுவர்ற ரசூல்மார் மாதிரிதான் மாமி!"

"தவ்பா சொல்லுடி, தவ்பா! அவங்களுக்கு அல்லாகிட்டேர்ந்து வஹீ வந்திச்சு. எனக்கு வர்றது சுன்னத்துக் கல்யாணச் சேதி" என்றார். உள்ளேயிருந்து அம்மாவும் சிரித்தார்.

அடுத்த பாடத்தையும் சொன்னேன். மறுமையில் நூஹ் நபியிடம், எத்திவைத்தீரா என்று கேட்கப்படும். வைத்தேன் என்பார். அவருடைய கூட்டத்தாரோ, எங்களிடம் யாரும் வரவில்லை என்பார்கள். அப்போது நம் நபியைப் பின்பற்றும் உம்மத்தார்தான் அவருக்குச் சாட்சி சொல்வார்கள்.

மாமியின் சிரிப்பு நின்றுவிட்டது. "தொள்ளாயிரத்து அம்பது வருஷம் சொல்லிக்கினே இருந்தவரை, வரவே இல்லேன்னா சொல்லுவாங்க? பாவி ஜனங்க."

இரண்டே மாதத்தில் நானும் அந்த ஜனங்களில் ஒருத்தி ஆனேன்.

ஒரு மத்தியானம் மாமி வேர்க்க விறுவிறுக்க வந்தார். அம்மா தொழுகையில் இருந்தார். "உங்க சின்னம்மா நாளைக்குக் காலையில ரங்கூன் கப்பல் ஏறுது. இன்னிக்கே மயிலாப்பூருக்கு வந்து பார்க்கச் சொல்லிச்சு. அம்மாகிட்டச் சொல்லிடு, கண்ணு" என்று என் எதிரிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போனார். அன்று மாலை பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு. அம்மா போனால் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு நான் வீட்டில் கிடக்க வேண்டும். திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வந்தபோது இருட்டியிருந்தது. அதற்குமேல் சொல்லப் பயமாக இருந்தது. சின்னம்மா தன் அக்காவைப் பார்க்காமலே கப்பல் ஏறினார். இன்றுவரை ஒரு கடிதம் இல்லை.

சின்னம்மா மாமியிடம் சொல்லியனுப்பியிருந்தது மயிலாப்பூர்க்காரர்கள் மூலம் தெரிந்ததும் அம்மா மாமியை வரவழைத்து நிற்கவைத்துக் கேட்டார்.

"நான் வந்து சொல்லிட்டேம்மா."

"யார்கிட்டச் சொன்னே?"

நானே சொல்லட்டும் என்று மாமி என் வாயைப் பார்த்தார். அம்மாவும் என் பக்கம் திரும்பினார். "சல்மா, இவ வந்தாளா?"

"வரலை" என்றேன்.

மாமி கோபித்திருந்தால் தேவலை. முடிச்சில்லாத சேலை ஓரத்தைக் கையில் பிடித்தபடி படியிறங்கினார். அதன்பிறகு உங்களில் பலர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினீர்கள். மாமியை நம்பாதீர்கள் என்று உங்களிடம் சொன்னது அம்மா. சொல்லவைத்தது நான்.

இன்று அம்மா மையத்து வீட்டுக்குப் போகவில்லை. என்னைத்தான் அனுப்பினார். "எடுக்கறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லு, அவ சொன்ன பொய்யை நான் மன்னிச்சிட்டேன்னு. மனசுல வச்சிக்கினு அனுப்பக் கூடாது."

போனேன். அத்தனை பெண்களுக்கு நடுவில் மாமியின் முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். நான் ஒழுங்காக எத்திவைத்த முதல் சேதி அது. அதுவும் பொய்.

மாமியின் மகள் ஹமீதா அக்கா மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மா பொய் சொல்லாது சல்மா. யார்கிட்டம்மா சொன்னேன்னு முந்தாநாள்கூடக் கேட்டேன். 'படிக்கிற பொண்ணு, பேர் கெட்டுடும், வுடு'ன்னிச்சு." நான் நிற்க இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் என் தாவணி ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். மைமூன் மாமி வந்தார், சொன்னார் என்ற சேதி அதில் இருக்கிறது. நூஹ் நபிக்குச் சாட்சி சொல்ல ஒரு உம்மத்தே இருக்கிறது. மாமிக்கு நான் ஒருத்திதான். அம்மாவிடம் சொல்ல நாலு தடவை எழுந்தேன், நாலு தடவையும் கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். முடிச்சு இன்னும் அவிழவில்லை, அதை…

கதவைத் தட்டுகிறார்கள். "சல்மா, இந்நேரத்துல இன்னாடி விளக்கு? தொற." அம்மாதான்.

இந்தத் தாளை ஒளிக்க இடம் இருக்கிறது. நேரமும் இருக்கிறது. பாய்மேலேயே, அம்மா கண்ணில் படும்படி வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போகிறேன்.