நீலச் சட்டையும் ஒரு பக்கெட் தண்ணீரும்

போன வாரம் எங்கள் ஓசூர் ஃபேக்டரியில் சுதந்திர தின விழா. கொடி ஏற்றியதும் ஹெச்.ஆர். மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "இங்க எல்லாரும் சமம்!" கை தட்டினோம். நானும்தான்... பலமாக.

அப்புறம் கேன்டீனில் டிபன். அங்கே பர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வெள்ளைக் கோட்டு. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சாப்பிட வேண்டும்.

பேரிகை ஊர்க்காரர் நாகராஜ் பர்மனென்ட். அவர் மனைவி கௌரம்மா பேக்கிங்கில் கான்ட்ராக்ட். ஆறு வருஷமாக ஒரே பஸ்ஸில் வந்து, தடுப்புக்கு இரண்டு பக்கமும் சாப்பிடுகிற தம்பதி!

அன்றைக்குக் கௌரம்மாவின் கோட்டு நீலமாக இருந்தது. புருஷனின் புதுச் சட்டையோடு அதையும் ஒரே பக்கெட்டில் ஊறப்போட்டிருக்கிறார். சாயம் இறங்கிவிட்டது. செக்யூரிட்டி நிறத்தை மட்டும் பார்த்து நாற்காலிப் பக்கம் அனுப்பிவிட்டார். கௌரம்மாவும் நேராகப் போய் நாகராஜ் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் கண்ணில் பட்டது. "ஏம்மா, நீ கான்ட்ராக்ட்தானே?"

நாகராஜ் முகத்தில் ஈயாடவில்லை. கான்ட்ராக்ட் ஆளை வேலையை விட்டு நிறுத்த ஒரு போன் போதுமே!

"ஆமாங்க சார். சாயம் ஏறிப்போச்சு, இங்க அனுப்பிட்டாங்க. எந்திரிச்சுப் போகட்டுங்களா? இப்பத்தான எல்லாரும் சமம்னீங்க... நெசம்னு நெனச்சுட்டேன்."

குரலில் கிண்டலே இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. சுதந்திரம், சமத்துவம் என்று நாடு பிறந்தபோதே எழுதி வைத்துவிட்டோம். சரி, நடுவில் இந்தக் கம்பியை வைத்தது யார்? ஆறு வருஷமாக ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு இது ஏன் உறைக்கவில்லை? வெட்கமாகப் போய்விட்டது.

யாரோ சிரித்தார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு. மேனேஜராலும் அடக்க முடியவில்லை.

"சரிம்மா... தட்டுல இருக்கற இட்லிய முடிச்சதும் அந்தப் பக்கம் போயிடணும்."

"சரிங்க சார்."

தட்டில் இருந்தது இரண்டே இட்லி. என் இட்லி ஒன்றை எடுத்து அதில் வைத்தேன். எதிரில் இருந்தவர் ஒன்று வைத்தார். அப்புறம் பக்கத்து மேஜையிலிருந்தும் வர ஆரம்பித்தது...

டிபன் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை கௌரம்மா சாப்பிட்டு முடிக்கவே இல்லை!