கீத் வைச்ச ஜேர்மன் பேர்

கார் திருத்துற வேலையில எண்ணெய்க் கறை கழுவினால் போயிடும், பட்டப்பேர் போகாது. வேலையிடத்தில ஒருத்தன் வைச்ச பேரோட காலம் தள்ளுற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நான் சிவபாலன். டோர்ட்முண்டில தொழில் பழகி, ஜேர்மன் பாஸ்போட்டோட லண்டனுக்கு வந்து, குட்மேய்ஸ் பக்கம் ஒரு கராஜில ஒன்பது வருஷமா நிக்கிறன்.

முதல் நாள்

எங்கயிருந்து வந்தனி எண்டு போர்மன் கீத் கேட்டான். ஜேர்மனி எண்டன். உடன கையில இருந்த ஸ்பானரைத் துவக்கு மாதிரி நீட்டிப் பிடிச்சு, "ஷ்வைனஹுண்ட்" எண்டு கத்தினான். எல்லாரும் சிரிச்சினம். புது வேலையில எங்கட ஆக்கள் என்ன செய்வினமோ அதைத்தான் நானும் செய்தன். சேர்ந்து சிரிச்சன். அண்டைக்கு விட்ட பிழை அது; அண்டையில இருந்து கராஜில எனக்கு அதுதான் பேர்.

இதை எங்க பழகினனி எண்டு கேட்டன். சின்ன வயசில வாசிச்ச சண்டைப் படக்கதைகளிலயாம். "அதில வாற ஜேர்மன் ஆமிக்காரர் எல்லாம் சாக முதல் அதைத்தான் கத்துவாங்கள்."

அங்க அதுக்கு என்ன கருத்து

பன்றியும் நாயும் சேர்ந்த சொல். காட்டுப்பன்றி வேட்டைக்கு விடுற நாயை முந்தி அப்பிடிச் சொன்னவையாம், பிறகு மனுசரைத் திட்ட எடுத்திட்டினம். டோர்ட்முண்டில எனக்குத் தொழில் பழக்கின மனுசன் அதை வேற மாதிரிச் சொல்லுவார். பனி கொட்டுற காலமை எழும்ப விடாமல் உள்ளுக்குள்ள படுத்துக் கிடக்குமே ஒரு சோம்பல், அதுக்கும் அங்க அதுதான் பேர். "எனக்குள்ளயும் ஒண்டு கிடக்குது, அதை அடிச்செழுப்பிக்கொண்டுதான் நானும் வாறன்" எண்டுவார். அதில ஒரு வாரப்பாடும் அன்பும் இருந்தது.

ஆனால் அங்கேயே, வந்த புதிசில, அகதி முகாமுக்கு முன்னால பஸ்ஸுக்கு நிண்ட என்னைப் பார்த்து ஒருத்தன் அதே சொல்லைச் சொல்லித் துப்பினான். சப்பாத்தில விழுந்தது. கீத் கூப்பிடுற நேரமெல்லாம் எனக்கு அந்தச் சப்பாத்துத்தான் ஞாபகம் வரும்.

கிங்ஸ்பரிப் பிள்ளை

இந்த வருஷத் தொடக்கத்தில லண்டனிலயே கிங்ஸ்பரிப் பக்கமிருந்து எங்கட தமிழ்ப் பிள்ளை ஒண்டு காரைச் சேர்விசுக்குக் கொண்டுவந்தாள். ஜேர்மனியில பிறந்து வளர்ந்தவள். நான் வேற ஒரு காருக்குக் கீழ கிடக்கிறன். கீத் அங்கால நிண்டு வழமை போலக் கூப்பிட்டான். நானும் வழமை போலச் சிரிச்சுக்கொண்டு, "யெஸ் கீத்" எண்டு வெளிய வந்தன். பிள்ளையின்ர முகம் கறுத்துப் போச்சு. கார்த் திறப்பைத் தரேக்க மெதுவாக் கேட்டாள்: "அண்ணை, அவர் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுறார் எண்டு தெரிஞ்சுதான் போறியளோ?"

தேத்தண்ணி நேரம்

வெக்கம் தாங்கேலாமல் போச்சு. அடுத்த நாள் தேத்தண்ணி நேரம் கீத்திட்டப் போய், இனி அப்பிடிக் கூப்பிடாதை எண்டன். அவன் உண்மையாவே திகைச்சுப் போனான். "ஒன்பது வருஷமாச் சிரிச்சனி, உனக்குப் பிடிக்கும் எண்டெல்லோ நினைச்சன்" எண்டான். சிரிச்சது நான்தானே.

கீத் கோப்பையைக் கீழ வைச்சிட்டு, நல்ல மனத்தோடதான் கேட்டான்: "சரி, அப்ப உன்ர பேர் என்ன?"

மூண்டு மாசமாச் சொல்லிக் குடுக்கிறன், ஜேர்மன்காரனே பிழை பிடிக்கேலாத மாதிரி அந்தச் சொல்லைச் சொல்லுற வாய்க்குச் சிவபாலன் எண்டது மட்டும் இன்னும் வருகுதில்லை.