குடும்பப் பெயர் இல்லாத ஊரில் ஓ.சி.ஐ. விண்ணப்பம்

விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் தொழிலில் விரலுக்கு வேலை கொஞ்சம்தான். விளக்கம் சொல்கிற வாய்க்குத்தான் ஓய்வே கிடையாது. திருவாடானை தாலுகா அலுவலகத்துக்கு எதிரே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் சில வருடங்களாக ஓ.சி.ஐ. அட்டையும் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட நம் ஆட்களும் அவர்கள் பிள்ளைகளும் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக அந்த அட்டை வேண்டும். பழைய ஆதாரமெல்லாம் ஊரில்தான் கிடக்கும் என்பதால் இங்கேயே தேடிப் பிடித்து, என்னிடம் ஆன்லைனில் நிரப்பிக்கொண்டு, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் போய்க் கொடுப்பார்கள். ஒரே ஒரு கட்டம் விட்டுப்போனதால் முழு விண்ணப்பத்தையும் முதலிலிருந்து தட்டிய அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நாம் ஒரே கட்சி.

யார் பெயர் இது?

நயினார்கோவில் பக்கத்து விவசாயி பூமிநாதன், மகளின் சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்தார். மகள் ஆஸ்திரேலியாவில் குடியுரிமை வாங்கியவள். 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் அவள் பாஸ்போர்ட்டில் இருந்தபடி 'பூமிநாதன்' என்று அடித்தேன். எட்டிப் பார்த்தவர் பதறிவிட்டார். "இது என் பேருல்ல? விண்ணப்பம் மகளுக்கு, தாயி!"

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அதனால் வெளிநாட்டில் அப்பா பெயரையே அப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று விளக்கினேன். "அப்ப அங்கன ஆபீசுல என் மகள என் பேரச் சொல்லியா கூப்புடுறாக?" என்றார். ஆமாம் என்றேன். மதுரையைத் தாண்டிப் போனதில்லை என்று சற்று முன்புதான் சொல்லியிருந்த மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "நல்லாக் கொட்டை எழுத்துல அடி தாயி, என்னால போகமுடியாத ஊருக்கு என் பேராவது போயிருக்குல்ல!"

சிரிக்கக் கூடாது

சிங்கப்பூரில் பிறந்த நாலு மாதப் பெண் குழந்தையோடு உப்பூரிலிருந்து ஒரு தாய் வந்தாள். போட்டோவுக்கு நிபந்தனைகள் உங்களுக்குத் தெரியுமே: கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பிடித்திருக்கும் கை தெரியக் கூடாது. இந்தக் குழந்தையோ பிறவிச் சிரிப்புக்காரி. கேமராவைத் தூக்கினாலே பொக்கை வாய் திறந்துகொள்ளும். நான் முறைத்தேன், சிரித்தாள். அவள் அம்மா பொய்க்கோபம் காட்டினாள். இவள் இன்னும் சத்தமாகச் சிரித்தாள். ஒரு மணி நேரத்தில் நாங்கள் இருவரும்தான் அழும் நிலைக்கு வந்திருந்தோம்.

அப்போது எதிர் அலுவலகத்துத் தலைமை எழுத்தர் ஒரு ஜெராக்ஸ் எடுக்க உள்ளே வந்து என் பின்னால் நின்றார். குழந்தை அவரைப் பார்த்தது. வாய் கப்பென்று மூடியது, கண் அகல விரிந்தது. அந்த நொடியில் எடுத்த படம் எந்தத் திருத்தமும் இல்லாமல் ஏறிவிட்டது. நாங்கள் கைதட்டியதற்குக் காரணம் புரிந்ததும் அவர் பாவமாகக் கேட்டார்: "என்னயப் பாத்தா மட்டும் எல்லாரும் ஏம்மா இப்படி ஆயிர்றாக?"

நாலு வயது கூடுதல்

ராமையா மலேசியாக்காரர், அறுபது தாண்டியவர். அவருடைய அப்பா இந்தியாவில் பிறந்ததற்கு ஆதாரம் இல்லையென்று விண்ணப்பம் அங்கே திரும்பிவிட்டது. அப்பா இறந்து பல வருடம். பிறப்புப் பதிவு எங்கும் அகப்படவில்லை. இங்கே வந்து நாலு நாள் அலைந்துவிட்டு, "விடும்மா, நமக்கு இந்த மண்ணுல பேரே இல்லபோல" என்று எழுந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய அப்பா இரண்டாம் வகுப்புவரை படித்ததாகச் சொன்னது நினைவு வர, அப்பாவின் சொந்தக் கிராமத்துப் பள்ளிக்கு ராமையாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தலைமை ஆசிரியை அலமாரியிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை இறக்கி, செல்லரித்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். இருந்தது. அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர். ராமையா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரே சிக்கல், மலேசிய அடையாள அட்டையில் உள்ளதைவிடப் பதிவேட்டின் பிறந்த தேதிப்படி அப்பாவுக்கு நாலு வயது கூட. இரண்டிலும் இருப்பவர் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, பள்ளிச் சான்றோடு சேர்த்துக் கொடுத்தோம்.

மறு வருடம் அட்டையோடு வந்தார் ராமையா. நான் அட்டையைப் பார்க்க, அவர் சிரிப்பை அடக்கமுடியாமல் மலேசியாவில் இருக்கும் தன் அம்மாவின் சமாச்சாரத்தைச் சொன்னார். மாப்பிள்ளைக்கு வயது அதிகமென்றால் அந்தக் காலத்தில் பெண் தர யோசிப்பார்களாம். அப்பா நாலு வயது குறைத்துச் சொல்லித்தான் அம்மாவைக் கட்டியிருக்கிறார். ராமையா பதிவேட்டு நகலைக் காட்டியதும் அம்மா சொன்னாராம்: "மனுசன் போய்ச் சேந்துட்டாரு, இனிமே நான் யாருகிட்டடா போய்ச் சண்ட போடுறது?"

இத்தனை பேரை நாடு விட்டு நாடு வரவும் போகவும் வைத்த எனக்கு மட்டும் இன்னும் பாஸ்போர்ட் கிடையாது, ஏனென்றால் என் ஆதாரில் 'முத்துலட்சுமி', பள்ளிச் சான்றிதழில் 'முத்துலெட்சுமி'.