வேகமாக ஓட்டிய இடம்

துறைமுகத்தில் வேலை கிடைத்து, அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டில் அறையெடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு நரைத்த கொண்டை. சிரித்தால் மூக்குக்கண்ணாடி கன்னத்தில் ஏறும். ஞாயிறு மத்தியானங்களில் அவரும் கணவரும் ஆசையும் கொலையும் கலந்த ஆங்கிலப் படம் பார்ப்பார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். ரிமோட் எப்போதும் ஐயாவின் கையில். படத்தில் ஆணும் பெண்ணும் நெருங்கினால் போதும், வேகமாக ஓட்டிவிடுவார். அம்மா குனிந்து உடுப்பு மடிப்பார்.

அன்றைய படத்தில், ஆசைப்பட்டுத் தானே ஒருவனை அழைத்தாள் ஒருத்தி. கடைசியில் அவனே அவள் கழுத்தை நெரித்தான். ஐயா அதை ஓட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா நிமிர்ந்தார். "ஏனப்பா, அவன் அவளைக் கொஞ்சினதை ஓட்டிப்போட்டியள். கொல்லுறதை மட்டும் முழுசாப் பாக்க ஏலுமோ?"

ஐயா ரிமோட்டை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு எழும்பினார்.

"எங்க போறியள்? இருங்கோ. ஓட்டின இடத்தை அவசரப்படாம ஆறுதலாப் பாப்பம்."

அம்மா படத்தைப் பின்னுக்கு ஓட்டினார். ஐயா தன் கதிரைக்குத் திரும்பவில்லை. மடித்த உடுப்புகளை ஒதுக்கிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான்தான் மெதுவாக எழும்பி, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். படம் அதன் பிறகு கொலைவரை போனதோ என்று இன்றுவரை கேட்கவில்லை.