பாவின் கோடியில் நிற்பவன்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. மதுரை நெசவாளர் தெரு ஒன்றில், தறியில் ஏற்றப்போகும் நூலை, தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டியிருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் இருபுறமும் குனிந்து, கஞ்சி தோய்ந்த இழைகளை நீவிக்கொண்டிருக்கிறார்கள். கோடியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பாவு கட்டிய கழியை இழுத்துப் பிடித்திருப்பவன் நான். வருகிறவர்கள் "எம்புட்டு உழைப்பு" என்பார்கள். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டிவைப்பேன்.

எடுத்தவர் என் அக்காவின் கணவர், அத்தான். ஸ்டூடியோவில் மாப்பிள்ளை பெண்ணை நிறுத்திச் சம்பாதித்ததையெல்லாம், சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கைகளைப் படம் எடுப்பதில் விட்டுவிடுவார். விசேஷத்துக்கு உடுத்தி நிற்பவரை எடுக்க ஊரில் ஆளிருக்கிறது, வேலை செய்பவரை எடுக்கத்தான் ஆளில்லை என்பார். முப்பது வயதிலும் வேலை தேடிக்கொண்டிருந்த நான் அவருடைய கேமரா ஸ்டாண்டைச் சுமந்தேன். சுமந்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. பாதி வழிக்கு மேல் அவர்தான் சுமப்பார்.

யுத்தம் வந்து, கேமராவில் படம் பதியும் கண்ணாடி பிளேட் வரத்து நின்றுபோனது. மிச்சமிருந்த ஒரே பிளேட்டை அந்தத் தெருவின் பாவுக்கென்று இரண்டு மாதம் பொத்தி வைத்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். முதல் நாளே போய், "நாளைக்கு உங்க தெருவப் படம் பிடிக்க வாரோம்" என்று பீற்றிக்கொண்டேன். விடிந்து போனால், பாவு கஞ்சியோடு அநாதையாகக் கிடக்கிறது. தெருவே பட்டு வேட்டியும் ஜரிகைத் தலைப்பாகையுமாக வரிசையில் நிற்கிறது. நடுவில் நாற்காலியில் பெரியவர் ஒருவர், கழுத்தில் மாலையோடு. அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுத்தால் அவர்கள் முகம் வாடும். எடுத்தால் பிளேட் போய்விடும். அத்தான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பிளேட் போடாத வெறும் பெட்டியின் மூடியைத் திறந்து மூடி, முடிந்தது என்றார். அதற்குள் கஞ்சி காய்வதாக ஒரு பெண் குரல் கொடுக்க, தலைப்பாகைகள் திண்ணையில் விழுந்தன. எல்லோரும் வேட்டி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாவின் மேல் குனிந்தார்கள். பெரியவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி சும்மாத்தானே நிக்கிறீக, அந்தக் கோடியப் புடிங்க."

பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அப்போதுதான் அத்தான் பிளேட்டைப் போட்டு எடுத்தார்.

எடுத்த கையோடு பெரியவரிடம் போனார். "ஐயா, மொதல்ல எடுத்தது வெறும் பெட்டி. எங்கிட்ட ஒரு பிளேட்டுதான் இருந்துச்சு. அடுத்தது வந்ததும் உங்களத்தான் எடுப்பேன்."

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது, கையில் பாவு. பெரியவர் திண்ணையில் கிடந்த தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு, "அப்பத் தலைப்பாகைய மடிச்சு வைக்கிறேன், வாங்க" என்றார். திரும்பி அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. அர்த்தம் கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

யுத்தம் முடிந்து முதல் பிளேட் பெட்டி வந்தபோது ஸ்டூடியோ வாசலில் கல்யாணக் கோஷ்டிகள் காத்திருந்தன. அத்தான் பெட்டியோடு நேரே அந்தத் தெருவுக்குத்தான் நடந்தார். விறைத்து நிற்கும் படமே பிடிக்காத மனிதர், பெரியவரின் தலைப்பாகையைத் தன் கையாலேயே சரிசெய்து எடுத்தார்.

அத்தான் இப்போது இல்லை. அவர் படங்களில் பாசாங்கே கிடையாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கூடத்துப் படத்தைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. என் ஆயுளில் நான் வேலை செய்ததே கால்மணி நேரம். அதையும் அவர் படம் எடுக்காமல் விடவில்லை.