ஐந்தாவது பாலத்துக்கு முன்னால் இறங்கிக்கொண்டோம்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த வலைப்பூவில் லடாக்குக்கு பைக்கில் போனவர்களும் மேகாலயா மழையில் நனைந்தவர்களும் எழுதுகிறார்கள். நான் போனது பேராவூரணியிலிருந்து திருவையாற்றுக்கு அருகே ஓர் ஊருக்கு. சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர். காலையில் போய் இரவே வீடு திரும்பிவிட்டேன். இதைப் பயணம் என்று எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன். எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில்தான் சொல்லப்போகிறேன். முதலிலேயே சொன்னால் கூச்சத்தில் மேற்கொண்டு எழுத வராது.

சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான்; அப்பாவுக்குத் தேங்காய் உரிக்கும் வேலை. மார்கழியில், புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு ஒரு ப்ராஜெக்ட்டை எந்தெந்தக் கட்டங்களாக நடத்துவது என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் பேசுவது என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எப்படியோ எடுத்து முடித்தேன். கடைசியில் ஒரு பெண் கேட்டாள், "நீங்க முதன்முதல்ல செஞ்ச ப்ராஜெக்ட் எதுங்க? அதை எப்படி முடிச்சீங்க?"

கல்லூரியில் செய்தது, மழையில் நெல்லை மூடுவதற்கானது என்றேன். "முறைப்படி ஒப்படைச்சிட்டோம்" என்றும் சொன்னேன். அது பொய். நான்கு வருடமாக அந்த ஊர்ப் பக்கமே நான் போகவில்லை. பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் கிளம்பிவிட்டேன்.

காலை 6.10க்குப் பேராவூரணியில் பேருந்து. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வழி. டிக்கெட் அறுபத்திரண்டு ரூபாய். ஜன்னல் ஓரம் கிடைத்தது. கிடைக்காவிட்டால் அடுத்த பேருந்துக்கு நின்றிருப்பேன், எனக்குப் பேருந்தில் வாந்தி வரும். ஒரத்தநாடு வரை தென்னை கூடவே வருகிறது. அப்புறம் ஒரு திருப்பத்தில் அது பின்தங்கி, இரண்டு பக்கமும் வைக்கோல் நிறத்தில் சம்பா வயல்கள். அறுவடை இயந்திரங்கள் அந்நேரமே இறங்கியிருந்தன. 8.35க்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம். திருவையாறு டவுன் பஸ் பழைய பேருந்து நிலையத்திலிருந்துதான் கிளம்பும்; அங்கே போக இன்னொரு பேருந்து ஏற வேண்டும். முதல்முறை வருகிறவர்கள் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

9.20க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பதின்மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் ஐந்து ஆறுகள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஐந்துக்கும் பாலம் உண்டு. தஞ்சாவூரில் பி.பி.ஏ. கடைசி வருடத்தில் எனக்கு ப்ராஜெக்ட்டின் ஐந்து கட்டங்களும் எவ்வளவு படித்தாலும் வரிசையாக நினைவில் நிற்காது. என் தோழி சுகன்யா இந்தப் பேருந்தில் வைத்துத்தான் மனப்பாடம் செய்ய வைத்தாள். "ஒரு பாலத்துக்கு ஒண்ணு. பாலம் முடியறதுக்குள்ள சொல்லணும், இல்லன்னா ஜன்னல் சீட்டு எனக்கு" என்பாள். எனக்கு வாந்தி வரும் என்று தெரிந்ததால் ஒருநாளும் அவள் அந்த சீட்டை எடுத்துக்கொண்டதில்லை.

இந்த முறையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். நடத்துநர் பார்த்துவிட்டார். "என்னம்மா, ஆறு எண்றீங்களா? ஊருக்குள்ள ஓடற புது ஆத்தையும் சேத்துக்கங்க, பாவம், அதை யாரும் சேக்கறதே இல்ல" என்றார். அது வெட்டிய கால்வாய், கணக்கில் வராது என்று சொல்ல நினைத்தேன். சிரித்துவிட்டு இருந்துவிட்டேன்.

வடவாறு என்றால் தொடக்கம். என்ன செய்யப்போகிறோம், யாருக்காக என்று ஒரு வரியில் சொல்லத் தெரிந்தால் இந்தக் கட்டம் முடிந்தது. எங்களுக்கு அந்த ஒரு வரி கிடைத்தது ஒரு தை மாத மழையில். திருவையாற்றில் அசோகா சாப்பிடப் போய்க்கொண்டிருந்தோம்; பாசிப்பருப்பில் செய்யும் அந்த இனிப்பு அங்கே பெயர்போனது. பேருந்து குடமுருட்டியைத் தாண்டியதும் மழை பிடித்தது. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நெல்லைச் சாலையோரத்தில் குவித்திருந்தார்கள். ஒருவர் தன் குடையை நெல்லுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி நின்றார். "ஏய், இறங்குடி" என்றாள் சுகன்யா. அன்றைக்கு அசோகா சாப்பிடவில்லை.

வெண்ணாற்றுக்குத் திட்டமிடல். தார்ப்பாய் வாங்க எங்களிடம் வசதி இல்லை. கல்யாண மண்டபங்களில் விசேஷம் முடிந்ததும் கழற்றி மடித்துப் போட்டிருக்கும் பிளக்ஸ் பேனர்களைக் கேட்டு வாங்கலாம் என்றது சுகன்யாதான். எத்தனை வேண்டும், எவ்வளவு நீளம், இரண்டை இணைத்து யார் தைப்பார், எங்கே வைப்பது, எத்தனை நாளில் முடிப்பது என்று எல்லாவற்றையும் எழுதினோம். இருபது பேனர், பன்னிரண்டு நாள். அவள் பேசுவாள், நான் எழுதுவேன். மண்டபத்து ஆட்களிடம் அவள் பேசும்போது நான் வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வெட்டாறு வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வருவது. செயல்படுத்துவதும் திட்டத்திலிருந்து பிரிந்து வருவதுதான், திட்டத்தில் இருக்கும் ஓட்டை அதிலும் இருக்கும். எங்கள் ஓட்டை என்னால் வந்தது. தென்னை ஊர்க்காரி, நெல்லைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று பிளக்ஸை இழுத்து, நாலு பக்கமும் செங்கல் அடுக்கி, கயிறு கட்டி மூடினேன். மழை விட்டு வெயில் வந்த பிறகும் யாரும் திறக்கவில்லை. மறுநாள் மதியம் திறந்தால் குவியலிலிருந்து ஆவி வருகிறது. குடை பிடித்து நின்றவர் பெயர் ராமலிங்கம். கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நெல்லு அவிக்கணும்னா சொல்லியிருக்கலாமே, வீட்ல அண்டா இருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன். நாங்கள் எழுதிய திட்டத்தில் மூடுவது இருந்தது, திறப்பது இல்லை.

குடமுருட்டி வந்துவிட்டது. கண்காணிப்பு. இதைத் தனியாக நான்காவது கட்டம் என்று எழுதினாலும் மூன்றாவது கட்டம் நடக்கும்போதே இதுவும் கூடவே நடக்க வேண்டும். அந்த அண்டாப் பேச்சுக்குப் பிறகு காலை பத்து மணிக்குத் திறப்பது, மாலை நாலரைக்குப் பனி இறங்குமுன் மூடுவது என்று வைத்தோம். எந்த பேனர் யாரிடம் போயிருக்கிறது என்று பார்க்க, வீட்டிலிருந்து இருபது கொட்டாங்குச்சி கொண்டுவந்தேன். எண் எழுதி, பேனர்களை வைத்திருந்த ஊர் டீக்கடையின் பலகையில் வரிசையாக வைத்தோம். நிமிர்ந்திருந்தால் பேனர் கடையில் இருக்கிறது, கவிழ்ந்திருந்தால் வெளியே போயிருக்கிறது. இந்த ப்ராஜெக்ட்டில் முழுக்க என்னுடையது என்று அதை மட்டும் சொல்லலாம். அன்றிலிருந்து எனக்குத் தேங்காய்க்காரப் பொண்ணு என்று பெயர்.

பாலம் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். அங்கிருந்து கரையோரமாகக் கிழக்கே மூன்று கிலோமீட்டரில் ராமலிங்கத்தின் ஊர். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். நடந்தேன், நாற்பது நிமிடம் ஆனது. காவிரிப் பாலம் இடது பக்கம் தூரத்தில் தெரிந்துகொண்டே வந்தது. எத்தனையோ முறை வந்திருக்கிறோம், ஒருமுறைகூட அந்த ஐந்தாவது பாலத்தைத் தாண்டியதில்லை.

களத்தில் ஏழெட்டுக் குவியல்கள். மணி பத்தரை, பேனர்களைப் பாதி விலக்கிவிட்டிருந்தார்கள். ஒன்றில் காதுகுத்துக் குழந்தை, ஒன்றில் மாலையோடு ஒரு தம்பதி. கடைசிக் குவியலில் வெயிலில் நீலமாக வெளுத்துப்போயிருந்த ஒரு முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பட்டுப்புடவையில் சுகன்யா. ஓரத்தில் சிவப்புப் பெயிண்டில் 20 என்று அவள் கையெழுத்தே. மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று இருந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும்.

அவளுக்குக் கல்யாணம் நடந்தது கடைசி செமஸ்டரின் மாசி மாதத்தில். வீட்டில் அவளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நின்றுவிட்டவர் பெயர் ப்ராஜெக்ட் அறிக்கையின் அட்டையில் வரக் கூடாது என்று கல்லூரியில் சொன்னார்கள். நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் பெயர் மட்டும் போட்டு அச்சடித்தேன். அதைக் காட்டித்தான் எனக்கு வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கும் போகவில்லை. தேர்வு என்று சொல்லிக்கொண்டேன்.

"யாரு, எழுதிக்கிட்டே இருக்குமே, அந்தத் தேங்காய்க்காரப் பொண்ணா?" டீக்கடையிலிருந்து ஆயிஷா அக்கா. கணவர் கத்தாரில் இருக்க, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் கடை நடத்துகிறவர். எங்கள் பேனர்களுக்கு இடம் கொடுத்தவரும் அவர்தான்.

"ஆமாங்க அக்கா."

"தனியாவா வந்த? சுகன்யா எங்க?"

"வரலைங்க."

"பஸ்ல வந்தா உனக்குக் குமட்டுமே. இரு, எலுமிச்சை போட்டு டீ தர்றேன்."

பலகையில் கொட்டாங்குச்சிகள் அப்படியே இருந்தன. இருபத்தாறு ஆகியிருந்தது. "இப்பல்லாம் நாங்க கேக்கறதே இல்லம்மா" என்றார் அக்கா. "கல்யாணமோ வளைகாப்போ, முடிஞ்ச மறுநாளே பிளக்ஸ் இங்க வந்துரும். கிழிஞ்சதை எடுத்துட்டுப் புதுசுல அதே நம்பரை எழுதிக்குவோம். கார்த்திகையில ஒரு மாப்பிள்ளையே கொண்டாந்து கொடுத்துட்டு, 'அக்கா, என் முகம் மேல வர்ற மாதிரி போடச் சொல்லுங்க'ங்கறாரு."

பெஞ்சில் இருந்த ராமலிங்கம் சிரித்தார். "இருபதாம் நம்பர் மட்டும் மாத்தவே இல்ல. அதை நான்தான் கேட்டு வாங்குவேன். நாலு வருஷமா உன் கூட்டாளிதான் என் நெல்லுக்குக் காவல்."

சுகன்யா கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் கணவரோடு பைக்கில் வந்து அந்த பேனரைக் கொடுத்துவிட்டுப் போனாளாம். அப்போது இங்கே பத்தொன்பதுதான் இருந்தன, ஒன்று காற்றில் போயிருந்தது. அதைக்கூட அவள் கணக்கில் வைத்திருக்கிறாள்.

"சித்திரையில கடையைக் காலி பண்றேன்ம்மா" என்றார் அக்கா. "அவங்க கத்தாரை விட்டு வந்துடறாங்க. பிள்ளைங்க படிப்புக்குத் தஞ்சாவூர்ல வீடு பாத்தாச்சு. இந்தப் பிளக்ஸை என்ன பண்றதுன்னு தெரியல."

"என் மாட்டுக் கொட்டகை சும்மாத்தான் கெடக்கு" என்றார் ராமலிங்கம். "வெச்சுக்குவேன். ஆனா, நானா எடுத்துக்கிட்டேன்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது பாருங்க. கொடுத்தவங்க நாலு பேர் முன்னால சொல்லிட்டுப் போகட்டும்."

"நான் சொல்றேங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா தம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார், "நீ சொன்னா சரியா வராதும்மா. சுகன்யா 'நான் வந்து சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் விட்றாதீங்க அக்கா'ன்னுட்டுப் போயிருக்கா. நானும் சரின்னுட்டேன்."

அப்போதுதான் அட்டையைப் பற்றிச் சொன்னேன். என் பெயர் மட்டும் இருப்பதை. 

"அது உங்க ரெண்டு பேருக்குள்ள" என்றார் அக்கா. "எனக்குச் சித்திரைக்குள்ள ஒரு பதில் வேணும். அவளைக் கூட்டிட்டு வா."

நாலரைக்கு எல்லோரும் பேனர்களை இழுத்து மூடினார்கள். இருபதாம் எண்ணின் ஒரு முனையை நானும் பிடித்தேன். செங்கல் வைக்கும்போது ஓரத்தில் காற்றுக்கு இடம் விட்டேன். "பரவால்ல, மறக்கல" என்றார் ராமலிங்கம். 5.35க்குத் தஞ்சாவூர் பேருந்து. இரவு 9.15க்கு வீடு.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: தை, மாசியில் போங்கள், அப்போதுதான் நெல்லைக் களத்தில் பார்க்கலாம். சாலையில் காயும் நெல் மேல் வண்டி ஏற்றாதீர்கள், நடந்தால் செருப்பைக் கழற்றிக்கொள்ளுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. அசோகா எப்படி இருக்கும் என்று எழுத முடியாததற்கு மன்னிக்கவும், இந்த முறையும் சாப்பிடவில்லை. ப்ராஜெக்ட் படிக்கிறவர்களுக்கும் ஒன்று: காவிரிக்குரிய ஐந்தாவது கட்டமான ஒப்படைப்பில் இரண்டு வேலைகள். இனி இது யார் பொறுப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்வது. இதை யார் செய்தார்கள் என்றும் சொல்வது. நான் இரண்டையும் செய்யவில்லை. சென்னைக்குத் திரும்பியதும் வகுப்பில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன்.

இனி அந்தக் காரணம். சுகன்யாவின் பழைய எண்ணில் வேறு யாரோ பேசுகிறார்கள். கணவருக்கு ஓசூரில் வேலை என்பது மட்டும் தெரியும். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவளிடம் காட்டுங்கள்.

சுகன்யா, உன் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கல்லூரிக்கு எழுதியிருக்கிறேன். என்ன சொல்வார்கள் என்று தெரியாது. என்னிடம் இருக்கும் பிரதியில் முதல் பெயராக உன் பெயரை எழுதிவிட்டேன். என் மேல் கோபம் இருந்தால் பேச வேண்டாம், ஆனால் பங்குனி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அக்கா கடையில் நீ சொல்ல வேண்டியதைச் சொல், நான் பக்கத்தில் நிற்கிறேன். அப்புறம் அந்தப் பாலத்தைத் தாண்டிப் போய் அசோகா சாப்பிடலாம். பழைய பேருந்து நிலையத்தில் 9.20 பஸ். இந்த முறை ஜன்னல் ஓரம் நீ உட்கார்.