வீக்க மாத்திரை

காய்ச்சலுக்குக்கூட நான் மாத்திரை போடுவதில்லை. இருமல் மருந்தில்கூட ஊக்கமருந்து இருக்கும் என்று எங்கள் குத்துச்சண்டைக் கோச் பயமுறுத்தி வைத்திருந்தார். தலை வலித்தால் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவேன். அம்மாவுக்கு அது பிடிக்காது. "மருந்தக் கண்டா பேயக் கண்ட மாதிரி ஓடுறா" என்று உத்தமபாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அப்படிப்பட்ட நான்தான் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்கத்தான் தெம்பு இல்லை.

தேசியப் போட்டி முடிந்து சில வாரம் கழித்து கோச் போன் செய்தார்.

"ஒன் சாம்பிள்ல நீர் மாத்திரை இருக்குதாம் தாயி. எடையக் கொறைக்கப் போட்டியா?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் வலித்தது. உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக இறக்கிவிடுகிற மாத்திரை அது. எடை குறையும், வேறு மருந்தின் தடயமும் மறையும் என்பதால் அதற்கும் தடை. நான் போடவில்லை என்று சத்தியம் செய்தேன்.

"வீட்டுல யாரும் சாப்புடுறாகளா?" என்று கேட்டார்.

அம்மா சாப்பிடுகிறாள். திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுக்க அண்ணாந்து நின்று குலை வெட்டுகிறவள். சாயங்காலம் கால் இரண்டும் வீங்கிவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த மாத்திரைக்கு எங்கள் வீட்டில் வீக்க மாத்திரை என்றுதான் பெயர்.

அன்று அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "இந்த மாத்திரைய எனக்கு எப்பவாச்சும் குடுத்தியாம்மா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "போட்டிக்குக் கெளம்புறதுக்கு முந்தி கண்ணு வீங்கி வந்து நின்னியே, நெனப்பிருக்கா? கேட்டா நீ திங்க மாட்ட. அதான் சுக்குத்தண்ணியில அரை மாத்திரையக் கரைச்சுக் குடுத்தேன். விடியிறதுக்குள்ள வத்திருச்சுல்ல?"

பயிற்சியில் வாங்கிய குத்து அது. கால் வீக்கத்தை வற்ற வைக்கிற மாத்திரை கண் வீக்கத்தை வற்ற வைக்காதா? அவள் யோசனையில் ஒரு பிசகும் இல்லை. ஊக்கமருந்து என்றால் வெறியேற்றுகிற ஊசி என்றுதான் அவளுக்குத் தெரியும். நான் சோதனையில் மாட்டியதைக் கேட்டதுமே, பொறாமையில் யாரோ என் சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். நான் டம்ளரைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

விசாரணை வீடியோவில் என்றார்கள். மருந்து எப்படி உள்ளே போனது என்று நிரூபித்தால் தண்டனை நிறையக் குறையும். அதற்கு அம்மா கேமரா முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். "ஒங்கம்மா பேசுனா வேல தப்பிக்கும் தாயி. நல்லா யோசி" என்றார் கோச். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். தடை வந்தால் அது போச்சு.

யோசித்தேன். அம்மாவை எனக்குத் தெரியும். தன் கையால்தான் என் வேலை போகிறது என்று தெரிந்தால் அழமாட்டாள். முதலில் அந்த மாத்திரையைத் தூக்கி எறிவாள், அப்புறம் சோற்றை நிறுத்துவாள். எப்படி வந்ததென்று தெரியவில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டேன். இரண்டு வருடத் தடை. தெரிந்தே ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு நான்கு வருடமாம். அரை மாத்திரைக்குப் பாதித் தண்டனை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

விதியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் உடம்பில் இருப்பதற்கு நீதான் பொறுப்பு என்கிறார்கள். வேறென்ன சொல்ல முடியும்? ஆளாளுக்கு அம்மா மேல் பழியைப் போட்டால் சோதனையே வைக்க முடியாது. ஆனாலும் இந்த விதியை எழுதியவர்கள் ஒருவருக்கும் சுக்குத்தண்ணி கொடுக்கிற அம்மா இல்லையா என்று எரிச்சல் வரும். அதுவும் கொஞ்ச நேரம்தான். இப்போது ஜவுளிக்கடையில் நிற்கிறேன். சாயங்காலமானால் என் காலும் வீங்குகிறது.

இந்தச் சித்திரையில் அம்மா என்னையும் வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு இழுத்துப் போனாள். ஆற்றில் முங்கி, குடத்தில் தண்ணீர் மொண்டு, ஈரச் சேலையோடு கூட்டத்தில் முட்டி மோதி, கோயில் முன்னால் நட்டிருக்கும் கம்பத்துக்கு ஊற்றினாள். குடத்தை என்னிடம் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினாள்.

"ஆத்தா, எம் மகளுக்கு மருந்தக் கலந்து குடுத்தவுக யாருன்னு ஒனக்குத் தெரியும். அவுக கை வெளங்காமப் போகணும்!"

குடத்தைப் போட்டுவிட்டு அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "வேணாம்மா. சாபம் விடாத."

"ஒனக்கு ஏன்டி நோகுது?" என்று சீறினாள்.

இவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே தாயே என்று கம்பத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். பஸ் ஏறும்வரை அவள் கைகளை நான் விடவில்லை.